81 கிலோ: 78-க்கு இறங்கலாமா, மேலேயே நிக்கலாமா?

பெரம்பூர்: ஜூடோ பழகுற பொண்ணு, எடை 81. பிளஸ் 78-ல, அதாவது 78 கிலோவுக்கு மேற்பட்டவங்க பிரிவுல, 110 கிலோ ஆளும் எதிரே வருவாங்களா?

அடையாறு: வரலாங்க, மேல்வரம்பே கிடையாது. மூணு கிலோதானேன்னு கடைசி நாள்ல தண்ணியை நிறுத்திக் குறைக்காதீங்க. மூணாவது நிமிஷமே பிடி தளரும்.

வேளச்சேரி: மேலேயே நின்னா முதல் வேலை பிடிச்சண்டை, அதாவது யார் உடுப்பை யார் நல்லாப் பிடிக்கிறதுங்கிற போட்டி. எதிராளி கை பின்கழுத்துக் காலருக்குப் போனா தலை குனிஞ்சிடும். குனிஞ்சே தற்காத்தா ஷிடோ, அதாவது தண்டனை எச்சரிக்கை. மூணு சேர்ந்தா ஆட்டமே போச்சு. மல்லாந்து அமுக்குப் பிடியில மாட்டினா 20 விநாடியில எதிராளிக்கு இப்போன், அதாவது முழு வெற்றி. அதனால தரையைத் தொட்டதும் குப்புறத் திரும்பணும். கையை மட்டும் ஊன்றக் கூடாது, முழங்கை போயிடும்.

அடையாறு: கியூபாவோட இடாலிஸ் ஓர்டிஸ் இதே பிரிவுல ஒலிம்பிக்ல 2008 வெண்கலம், 2012 தங்கம், 2016-லயும் டோக்கியோவிலயும் வெள்ளி. நம்ம துலிகா மானின் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் வெள்ளியும் இதுலதான்.

பெரம்பூர்: சரிங்க, முதல்ல காலர் பிடியை உடைக்கப் பழகட்டும்.