ஃப்ரீடாவின் வாரை ஆர் இறுக்கினது?

கொக்குவில்காரன்:
மெக்சிக்கோ ஓவியர் ஃப்ரீடா காலோ, விபத்தில் முள்ளந்தண்டு உடைந்தவ, தன்னையே கீறின படம் ‘உடைந்த தூண்’: முள்ளந்தண்டு இருக்கிற இடத்தில் வெடித்த தூண், உடம்பைச் சுற்றி வார். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து முள்ளந்தண்டில் வெடிப்பு, மூன்று மாதம் பெல்ட். பக்கத்தில் இருந்து போனில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தா. வெறும் மேலோடு ஒரு பெண், உடம்பெல்லாம் ஆணி. மறைக்கத்தான் பார்த்தேன். அம்மா போனைப் பிடித்துக்கொண்டா.

“இந்தப் பிள்ளைக்கு வாரை ஆர் இப்பிடி இறுக்கினது? கொஞ்சம் தளர்த்திவிடச் சொல்லு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அம்மா, இது 1944இல் கீறினது. ஆள் செத்தே எழுபது வருசம்” என்றேன். அம்மா ஒன்றும் பேசாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா. பிறகுதான் அவவின் பெல்ட்டைப் பார்த்தேன். நடுவாரை ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருந்தது. காலையில் கட்டிவிட்டது நான்தான்.

அந்த மனுசி வருத்தத்தைத் தவிர வேறொன்றையும் கீறவில்லையோ என்றும் யோசிக்கிறேன்.

திருநெல்வேலி ஒழுங்கை:
அண்ணை, கடைசி வரி பிழை. குரங்கு, கிளி, வத்தகப்பழம் எல்லாம் கீறினவ. 1954இல், சாகிற வருசம், வெட்டின வத்தகப்பழத்தில் ‘வாழ்க வாழ்வு’ என்று எழுதிவைத்தவ. நாங்கள்தான் ஆணியையும் கண்ணீரையும் மட்டும் தேடிப் பார்க்கிறோம்.

என்னோடு படித்தவள் ஒருத்தி, மருந்து ஏற்றித் தலைமயிர் கொட்டின தன் முகத்தையே கீறிக் கண்காட்சியில் வைத்தாள். காலையில் தாய் வந்து சால்வையால் அதை மூடிவிட்டுப் போனா. கலியாணம் பேசுகிற நேரம். சனம் சால்வையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. மூடாமல் விட்டிருந்தால் பாதிப்பேர் கடந்து போயிருப்பார்கள். அவள் ஒரு மூலையில் கதிரை போட்டு இருந்தாள். சால்வையை எடுக்கவுமில்லை. நானும் எடுக்கவில்லை, அதுதான் இன்னும் குத்துகிறது.

மூத்தவர்:
தங்கச்சி, தாயைக் குறை சொல்லாதேங்கோ. அந்த மனுசிக்கு என்ன பயமோ.

எனக்குச் சின்னனில் கை முறிந்தபோது மாக்கட்டில் தங்கச்சி மயில் கீறினாள். ஃப்ரீடாவும் தன் மாக்கட்டில் கீறினவதானே. அவ்வளவுதான் என் கதை.

கொக்குவில் தம்பிக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பெல்ட்டுக்குள்ளே மெல்லிய பருத்திப் பனியன் போட்டுவிடுங்கோ, சுருக்கு விழாமல் இழுத்து. எவ்வளவு இறுக்கலாம் என்று பிசியோதெரபி பிள்ளையிடம் ஒருக்கால் காட்டிக் கேளுங்கோ. பவுடர் பூசாதேங்கோ, வியர்வையில் கட்டியாகி உராயும். தோல் சிவந்திருக்கா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கோ. அதோடு கிணற்றடிப் பாசி! வெறும் தண்ணீர் ஊற்றிப் பிரயோசனமில்லை, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தும்புத்தடியால் உரஞ்ச வேணும். அதைச் செய்யாமல் படத்தைப் பற்றிக் கதைத்து என்ன?

கொக்குவில்காரன்:
ஓம் அண்ணை, பனியன் போட்டாச்சு. பாசி நாளைக்கு.

நேற்றிரவு அம்மா கேட்டா, “அந்தப் பிள்ளை பிறகு எழும்பினதோ?” 1953இல் ஊரில் தன் கண்காட்சிக்கு ஆம்புலன்சில் போய், மண்டபத்தில் கட்டிலில் கிடந்தபடியே வந்தவர்களோடு கதைத்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு நல்ல சந்தோசம். அதே வருசம் அவவின் ஒரு காலை வெட்டி எடுத்ததைச் சொல்லவில்லை.