பழைய பம்ப் ஷாட்கன் வாங்கப் போறேன், எதையெல்லாம் பாக்கணும்?

முதல்_துப்பாக்கி:
வீட்டுப் பாதுகாப்புக்குன்னு ஒரு ஷாட்கன் வாங்கணும்னு ரொம்ப நாளா யோசனை, பேப்பர் வேலையெல்லாம் முடிஞ்சிடுச்சு. புதுசு நம்ம கைக்கு எட்டாது, அதனால செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு பாத்து வெச்சிருக்கேன், ஒண்ணு ரெமிங்டன் 870, இன்னொண்ணு மாஸ்பெர்க் 500, ரெண்டுமே 12 கேஜ் (குழலோட அகல அளவு). விக்கிறவர் கேட்டா "அலமாரியிலயே கிடந்துச்சு, சுட்டதே கம்மி"ங்கறார். நான் இதுவரைக்கும் துப்பாக்கியே வாங்கினதில்ல, எதைப் பாத்து முடிவு பண்றதுன்னு தெரியல. வீட்ல 6 வயசுப் பையன் இருக்கான், அதையும் மனசுல வெச்சு சொல்லுங்க.

பழைய_இரும்பு:
தம்பி, ரெண்டுமே நல்ல துப்பாக்கி தான். 870 1950ல வந்தது, 500 1961ல வந்தது, ரெண்டுக்கும் பார்ட்ஸ் இன்னிக்கும் கிடைக்குது. 870 ரிசீவர் (டிரிகருக்கு மேல, உள் பார்ட்ஸெல்லாம் இருக்கிற நடு உடம்பு) ஸ்டீல், 500 ரிசீவர் அலுமினியம், அதனால அது கொஞ்சம் லேசு. சேஃப்டி இருக்கிற இடமும் வேற, 870ல டிரிகர் கார்டுக்குப் பின்பக்கம் குறுக்க அழுத்துற பட்டன், 500ல ரிசீவர் மேல கட்டைவிரலுக்கு நேரா இருக்கும். ரெண்டையும் தோள்ல வெச்சுப் பாரு, எது கைக்கு ஒட்டுதோ அதை எடு.

"சுட்டதே கம்மி"ங்கறதை மட்டும் நம்பாத. சுட்டுத் தேயுறதை விட சும்மா கிடந்து துரு ஏறுறது தான் அதிகம். மேல பளபளன்னு இருக்கும், ஃபோர்எண்டுக்கு (முன்னும் பின்னும் இழுக்கிற கைப்பிடி, அதான் பம்ப்) அடியில மேகசின் ட்யூப்ல (ஷெல், அதாவது தோட்டா, வரிசையா நிக்கிற குழாய்) விரல் வெச்சுத் தடவினா சொரசொரன்னு இருக்கும், வேர்வைக் கையோட எடுத்து அப்படியே வெச்சிருப்பாங்க. முதல்ல சேம்பரும் (சுடப் போற ஷெல் உக்கார்ற இடம்) ட்யூபும் காலியான்னு கண்ணாலயும் விரலாலயும் பாத்துட்டு, அவர்கிட்ட கேட்டு பேரலைக் (குண்டு வெளிய போற குழல்) கழட்டு. ட்யூப் முனையில இருக்கிற மூடியையோ திருகையோ தளர்த்தி, பம்பைப் பாதிக்குப் பின்னால இழுத்தா வந்துடும். கழட்ட விடலேன்னா அங்கயே கும்புடு போட்டுட்டு வந்துடு.

கழட்டின பேரலை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு உள்ள பாரு. வெளிச்சம் நேரா ஓடணும். எங்கயாவது கருப்பா மோதிரம் மாதிரி ஒரு வளையம் தெரிஞ்சா அந்த இடம் வெளிப்பக்கமா வீங்கியிருக்குன்னு அர்த்தம், பேரல்ல மண்ணோ ஏதோ அடைச்சிருக்கறப்ப சுட்டிருப்பாங்க. அதைத் தொடாத.

ரேஞ்சுக்காரன்:
அண்ணன் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. டம்மி ஷெல் (மருந்தில்லாத போலித் தோட்டா) நாலஞ்சு கையோட கொண்டு போங்க. ட்யூப்ல போட்டு வேகமா பம்ப் பண்ணிப் பாருங்க, ஒவ்வொண்ணா வந்து வெளிய விழணும். ஒரே நேரத்துல ரெண்டு நழுவி வந்து மாட்டுச்சுன்னா ட்யூப் வாய்ல ஷெல்லைத் தடுக்கிற பட்டை தேஞ்சிருக்கலாம். சேம்பர்லயே நின்னுடுச்சுன்னா எக்ஸ்ட்ராக்டரைப் (ஷெல்லைப் பிடிச்சு வெளிய இழுக்கிற கொக்கி) பாருங்க. அப்புறம் காலியா வெச்சு, பம்பை முன்னால தள்ளி மூடி, சேஃப்டியைப் போட்டு டிரிகரை அழுத்துங்க, விடுங்க, சேஃப்டியை எடுங்க. அப்ப டக்குன்னு சத்தம் கேட்டா அதை வீட்டுக்கு எடுத்துட்டு வரவே கூடாது.

எனக்கு ஆனதைச் சொல்றேன். முதல்ல வாங்கினதுல இதெல்லாம் எதுவும் பாக்கல, சுட்டுப் பழகுற ரேஞ்சுல மூணாவது ஷெல்லுல பம்ப் பாதியில நின்னுடுச்சு, பின்னாலயும் வரல, முன்னாலயும் போகல, உள்ள உயிருள்ள ஷெல், முனையை மண்ணைப் பாத்தே பிடிச்சுக்கிட்டு பக்கத்துல இருந்த பெரியவர் வந்து எடுத்துக் கொடுக்கிற வரைக்கும் கை நடுங்கிச்சு. அதே நடுராத்திரி வீட்ல ஆகியிருந்தா?

இன்னொண்ணு, "ஷாட்கன்னா குறி பாக்க வேணாம், அப்படியே விரிஞ்சு அடிக்கும்"னு சொல்றவங்களை நம்பாதீங்க. ஒரு ரூம் தூரத்துல பக்ஷாட் (ஒரே ஷெல்லுல வர்ற பெரிய குண்டுகள்) பெருசா விரியாது, குறி வெச்சே ஆகணும். அதுவும் 00 சைஸ் பக்ஷாட்னா ஒவ்வொண்ணும் 8.4 மில்லிமீட்டர் குண்டு, சாதா உள்சுவரைத் துளைச்சுப் போகும், அந்தப் பக்கம் யார் படுத்திருக்காங்கன்னு முதல்ல யோசிங்க.

அம்மா_ஒருத்தி:
தம்பி, 6 வயசுப் பையன்னு எழுதினதைப் பாத்துட்டு தான் வந்தேன். இந்த மாதிரி துப்பாக்கிகள்ல சேஃப்டி டிரிகரை மட்டும் தான் பிடிக்கும், கீழ விழுந்தா அதை நம்ப முடியாது. அதனால சேம்பர்ல ஷெல் போட்டு வைக்கவே வேணாம். துப்பாக்கி பூட்டின பெட்டியில, ஷெல் வேற பூட்டுல. எங்க வீட்ல நம்பர் எனக்கும் அவருக்கும் மட்டும் தான் தெரியும். "உயரத்துல வெச்சிருக்கேன்"னு சொல்லாதீங்க, என் பொண்ணு நாற்காலி மேல மோடாவைப் போட்டு ஏறி மேல் தட்டுல இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்தவ. பெட்டிக்குக் காசு பத்தலேன்னா துப்பாக்கியைத் தள்ளிப் போடுங்க, முதல்ல கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும் வாசலுக்கு லைட்டும் போடுங்க.

முதல்_துப்பாக்கி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்குப் போய் பாத்தேன். 870 பேரலை வெளிச்சத்துல பிடிச்சா நடுவுல அந்த வளையம், அண்ணன் சொன்ன மாதிரியே அச்சு அசலா. வெளிப்பக்கம் விரலால தடவினா லேசா மேடு கூட தட்டுப்படுது. விக்கிறவருக்கே தெரியல போல, முகம் மாறிடுச்சு. 500 டம்மி ஷெல்லுல சுத்தமா ஓடிச்சு, சேஃப்டியும் சரியா இருந்துச்சு, துரு இல்ல. அட்வான்ஸ் கொடுக்கல, பெட்டி வாங்கிட்டு அடுத்த வாரம் வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பழைய_இரும்பு:
நல்லது பண்ண தம்பி. வரும்போது சீரியல் நம்பரையும் குறிச்சுட்டு வா, திருட்டு மால் இல்லைன்னு செக் பண்ணிட்டு அப்புறம் காசைக் கொடு.