ஜூன் வந்தால் மண்டியில் கை நீட்டணுமா? புளியங்குடி எலுமிச்சையும் பிள்ளைகள் படிப்பும்

மேற்குத்தோட்டம்:
புளியங்குடிப் பக்கம் இரண்டு ஏக்கரில் எலுமிச்சை போட்டிருக்கிறேன். எங்கள் ஊருக்கு எலுமிச்சை நகரம் என்று பட்டப்பெயர் உண்டு, அதற்குக் குறைச்சல் இல்லை. சித்திரை வெயிலில் விலை நன்றாகத்தான் இருக்கும். ஜூன் பிறந்ததும் கேரளாவில் மழை பிடித்துவிடும். அங்கே சர்பத் குடிக்க ஆள் இருக்காது, செங்கோட்டை வழியாகப் போகிற லோடு குறையும், விலை இறங்கும். சரியாக அதே வாரத்தில்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் இங்கிலீஷ் மீடியம் ஃபீஸ், வேன், நோட்டுப் புத்தகம். கமிஷன் கடையில் முன்பணம் வாங்கித்தான் கட்டுகிறேன். வாங்கிவிட்டால் காயை வேறு கடை வாசலில் இறக்க முடியாது, அவர்கள் போட்டதுதான் விலை. விவசாயியை மண்டியில் கட்டிப்போடுவது வியாபாரி இல்லை, பள்ளிக்கூட ஃபீஸ்தான் என்கிறேன். தப்பா?

மண்டிவாசல்:
அண்ணாச்சி, எங்களை விட்டுவிட்டீர்களே, சந்தோஷம். ஆனால் "அவர்கள் போட்டதுதான் விலை" என்று இடையில் ஒரு குத்து! விலையை நாங்களா வைக்கிறோம்? ஆந்திராவில் கூடூரிலும் ஏலூரிலும் வரத்து கூடினால் இங்கே இறங்கும், அங்கே குறைந்தால் இங்கே ஏறும். 2022 ஏப்ரலில் நாட்டில் பல ஊர்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியதே, அப்போது முன்பணக்காரர் காய், ரொக்கக்காரர் காய் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்குப் போன் அடித்தால் எந்த பேங்க் பணம் தரும்?

சாக்பீஸ் தூள்:
நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, ஊர் வேண்டாம். கேள்வியே தப்பு என்கிறேன். கட்ட முடியாத ஃபீஸை ஏன் கட்டுகிறீர்கள்? மருத்துவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இலேயே வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் எல்லாவற்றுக்கும் கொண்டுவந்தார்கள். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்து வரை தனியாரில் படிக்க வைத்துவிட்டு, கையில் காசு தீர்ந்ததும் பிளஸ் ஒன்னுக்கு எங்களிடம் அழைத்துவருகிறார்கள். அதற்குள் அந்தச் சலுகை போய்விடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் இலவச இடம் கிடைத்து எட்டாவது வரை தனியாரில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு மட்டும் விலக்கு உண்டு. வருஷா வருஷம் ஜூனில் இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

மேற்குத்தோட்டம்:
டீச்சர், மன்னிக்கணும். உங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

சாக்பீஸ் தூள்:
பெரியவள் எங்கள் பள்ளியிலேயே பத்தாவது. சின்னவன் தனியாரில். சரி, பிடிபட்டேன். அவனைச் சேர்த்தது என் மாமியார் பிடிவாதம். அதனால் நான் சொன்ன கணக்கு பொய்யாகிவிடாது.

ஒயிட்ஃபீல்டு வாசி:
ஊரை விட்டு பெங்களூர் ஒயிட்ஃபீல்டுக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. எங்கள் அப்பாவும் மண்டியில் முன்பணம் வாங்கித்தான் என்னைப் படிக்க வைத்தார். அதனால் முன்பணத்தைத் திட்ட எனக்கு வாய் வராது. ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டினால் பிரச்சினை தீருமே? ஜூனில் உள்ளே வைத்து, விலை ஏறியதும் எடுத்து விற்கலாம். மிச்சத்தை ஊறுகாய்க்குப் போடலாம். இன்னுமா ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை?

மண்டிவாசல்:
தம்பி, தோன்றாமல் இருக்குமா? எலுமிச்சையை எட்டு முதல் பத்து டிகிரிக்குள் வைத்தால் ஆறிலிருந்து எட்டு வாரம் தாங்கும். அதற்கும் கீழே குளிர் போனால் தோலில் குழி விழுந்து பழுப்பாகிவிடும், அந்தக் காயை யாரும் தொட மாட்டார்கள். ஜூனில் வைத்ததை எட்டு வாரம் கழித்து எடுத்தால் ஆகஸ்ட். அப்போதும் கேரளாவில் மழைதான். கரன்ட் பில்தான் மிச்சம். ஊறுகாய்க்காரர்கள் வாங்குகிறார்கள், ஆனால் பொடிக்காயைச் சல்லிசாகக் கேட்கிறார்கள். சிறப்புக் காயை அந்த விலைக்குக் கொடுத்தால் பறிகூலிகூடக் கட்டாது.

மேற்குத்தோட்டம்:
பறிகூலியைப் பற்றி ஒயிட்ஃபீல்டு தம்பிக்குச் சொல்கிறேன். தொரட்டி போட்டு இழுத்தால் காய் மண்ணில் விழுந்து அடிபடும், ரெண்டு நாளில் கறுக்கும். கையால் பறித்தால் முழங்கை வரை முள் கீறல். என் வீட்டுக்காரி பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறாள், அதில் கை இருக்கிற இடத்தில் துணியைவிடத் தையல்தான் அதிகம். இதில் மழைக்காலத்தில் சொறி நோய் வேறு. தோலில் கார்க் மாதிரி புள்ளி விழுந்தால் சாறு நன்றாக இருந்தாலும் தனிக் குவியலில்தான் கொட்டுவார்கள்.

வடக்குப் பம்புசெட்டு:
எல்லாரும் ஜூனையே பார்க்கிறீர்கள். சித்திரையில் காய் கூடுதலாக வரும்படி செய்தால் ஜூனில் கை நீட்ட வேண்டியதில்லை. பூவிலிருந்து பறிப்பு வரை ஐந்தாறு மாதம் ஆகும். புரட்டாசி, ஐப்பசியில் மரத்தைப் பூக்க வைத்தால் கோடையில் காய். மகாராஷ்டிராவில் தண்ணீரை நிறுத்தி மரத்தைக் காயப்போட்டு, அப்புறம் பாய்ச்சிப் பூ வாங்குகிறார்கள். நாமும் செய்யலாமே.

மேற்குத்தோட்டம்:
செய்து பார்த்தவன் சொல்கிறேன். ஐப்பசியில் நமக்கு வடகிழக்குப் பருவமழை. வாய்க்காலை அடைக்கலாம், வானத்தை எப்படி அடைப்பது? ஒரு வருஷம் மழை பிந்தியது, மரம் கொள்ளாமல் பூத்தது. மறு வருஷம் காயப்போட்ட பத்தாவது நாளே மழை, வெறும் தழைதான் வந்தது.

சாக்பீஸ் தூள்:
இதைத்தான் பிள்ளைகள் வகுப்பில் படிக்க வேண்டும். மேல்நிலையில் வேளாண் அறிவியல் தொழிற்பிரிவு இருக்கிறது, அதில் படித்தவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தில் தனி ஒதுக்கீடும் உண்டு. வன்னிக்கோனேந்தலில் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் எங்கள் பள்ளியில் அந்தப் பிரிவு இல்லை. கேட்டால் "சேர ஆளில்லை" என்கிறார்கள். பிரிவே இல்லாத இடத்தில் ஆள் எங்கிருந்து சேரும்?

ஒயிட்ஃபீல்டு வாசி:
டீச்சர், எலுமிச்சை வேண்டாம் என்றுதானே அப்பாக்கள் ஃபீஸே கட்டுகிறார்கள்? அதே எலுமிச்சையைப் பாடமாக வைத்தால் யார் சேர்ப்பார்கள்?

மண்டிவாசல்:
இதற்குப் பதில் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. என் மகனும் சி.ஏ. படிக்கிறான். கடைக்கு வருவதாகத் தெரியவில்லை.

மேற்குத்தோட்டம்:
சின்னவன் வருகிற ஜூனில் ஆறாவது. டீச்சர் சொன்ன கணக்கை நேற்று ராத்திரி வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "வேன் வாசலுக்கு வருமா?" என்றாள்.

சாக்பீஸ் தூள்:
வேன் கிடையாது அண்ணாச்சி. பஸ் பாஸ் இலவசம். சைக்கிள் பதினொன்றாவதில்தான் தருவார்கள். அழைத்து வாருங்கள், மே மாதமே சேர்க்கை போடுகிறோம்.

மண்டிவாசல்:
அப்போ இந்த ஜூனில் முன்பணம் பாதி போதுமா, முழுசாக எடுத்து வைக்கவா?