நாப்தாவில் குளோரின்: ஐசிபி-ஓஇஎஸ் போதுமா?

துவாஸ்தம்பி: சிங்கப்பூர் ஜூரோங் தீவு ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு நாப்தாவில் (கச்சா எண்ணெயிலிருந்து வரும் லேசான திரவம்) கந்தகம், பாஸ்பரஸ், குளோரின் மூன்றையும் அளக்கணும். குளோரின் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சுற்றுவட்டம். எல்லாத்தையும் ஆர்கன் ஐசிபி-ஓஇஎஸ்ஸிலேயே (மாதிரியை ஆர்கன் பிளாஸ்மாவில் விட்டு, தனிமங்கள் உமிழும் ஒளியை அளக்கும் கருவி) முடிச்சிடலாமா?

பிளாஸ்மா65: முடிக்கலாம். குளோரினோட 134.724 நா.மீ. (நானோமீட்டர்) ஒளிக்கோட்டுக்கு 9.2 எலெக்ட்ரான் வோல்ட் கிளர்ச்சி போதும், ஆர்கன் அதைத் தாராளமா கொடுக்கும். தடை பிளாஸ்மாவில் இல்லை, ஒளி வரும் வழியில்தான். 190 நா.மீ.க்குக் கீழே காற்றின் ஆக்சிஜன் ஒளியை விழுங்கும், குவார்ட்ஸ் ஜன்னல் 134-ஐ விடாது. மெக்னீசியம் ஃபுளோரைடு ஜன்னலும் ஆர்கன் நிரப்பிய ஒளியியலும் வேணும். பிளாஸ்மாச் சுடரோட நுனியைக் காற்று வீசி வெட்டும் கருவி இதுக்கு ஆகாது.

கரிப்படிவு: வழி கிடைச்சா போதுமா அண்ணே? மாதிரி எப்படி உள்ளே போகுதுன்னு பாருங்க. நாப்தா சுமார் 30 முதல் 200 பாகை வரை கொதிக்குது. 1,2-டைகுளோரோஈத்தேன் 84-இல், குளோரோபென்சீன் 132-இல். தெளிப்பு அறையில் (மாதிரி நுண்துளிகளாகும் இடம்) லேசானது ஆவியாகி, துளிகளோட பங்குக்கு மேலேயே பிளாஸ்மாவுக்குப் போகும். குளோரோபென்சீனை வெச்சு அளவுகோல் போட்டு, மாதிரியில் டைகுளோரோஈத்தேன் இருந்தா எண் ஏறித்தான் வரும். எந்தச் சேர்மம்னு தெரியாத மாதிரிக்கு இது பெரிய ஓட்டை. எரித்து வாயுவாக்கி அயனி குரோமட்டோகிராபிக்கு (கரைசலில் உள்ள அயனிகளைப் பிரித்து அளக்கும் முறை) அனுப்பினா எல்லாக் குளோரினும் குளோரைடுதான், சேர்மம் என்ன என்ற கேள்வியே இல்லை.

பிளாஸ்மா65: தெளிப்பு அறையை −10 பாகைக்குக் குளிர்வித்து, கெரசினில் எடைக்கு எடை 1:10 நீர்த்தா வித்தியாசம் குறையும்.

கரிப்படிவு: குறையும், போகாது. நீர்த்தா 1 பிபிஎம் 0.1 ஆகுது. கரி படியாம இருக்க ஆக்சிஜன் கலந்தா, கார்பன் மோனாக்சைடோட ஒளிப்பட்டைகள் அந்தப் பகுதியிலேயே பின்புலத்தை ஏத்தும். தண்ணீர் மாதிரியில் பத்துக் கணக்கான பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) வரை பார்க்கிற கருவி, இங்கே திணறும்.

பிளாஸ்மா65: சரி, நாப்தா குளோரினை விட்டுக்கொடுக்கிறேன். ஆனா இதே வாதத்தைக் கந்தகத்துக்கு நீட்டாதீங்க. அங்கே கோட்டுக்குப் பஞ்சமில்லை: 180.731, 182.034. கால்சியம் நிறைய இருந்தா 180.731 சிக்கல், 182-க்கு மாறிக்கலாம். பாஸ்பரஸுக்கு 213.618-ஐ செம்பு 213.598-இல் இடிக்கும். 178.284-ஐ அயோடின் 178.276 இடிக்கும். நாப்தாவில் செம்பு, அயோடின் ரெண்டும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

கரிப்படிவு: கந்தகத்துக்கும் அதே ஆவிப் பிரச்சினை உண்டே, மெர்காப்டன் மாதிரி கந்தகச் சேர்மம் லேசுதானே! பாஸ்பரஸுக்கு மட்டும் சம்மதம்.

துவாஸ்தம்பி: ஃபுளோரின் கேட்டா?

பிளாஸ்மா65: ஆர்கனில் வேண்டாம். அதன் முதன்மைக் கோடு 95 நா.மீ. பக்கம், மெக்னீசியம் ஃபுளோரைடே 115-க்குக் கீழே அடைச்சிடும். 685.6 கோட்டுக்கு 14.5 எலெக்ட்ரான் வோல்ட் வேணும், அது ஹீலியம் நுண்ணலைப் பிளாஸ்மா வேலை.

கரிப்படிவு: இன்னொண்ணு தம்பி. நம்ம ஊர் ஈரத்தில் பிளாஸ்டிக் குழாய் வழியா ஆர்கன் விட்டா, ஈரமும் ஆக்சிஜனும் குழாய்ச்சுவரில் ஊறி உள்ளே வரும். துருப்பிடிக்காத எஃகு போடுங்க. கந்தக உச்சம் ஏறிக்கிட்டே இருந்தா, ஒளியியலைக் கழுவும் வாயு இன்னும் வேலையை முடிக்கலைன்னு அர்த்தம். ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலை மாதிரி தயாரிக்கிற புகைக்கூண்டில் வைக்காதீங்க, அதிலும் குளோரின் இருக்கு.

துவாஸ்தம்பி: அப்போ முதல்ல ரெண்டு கரைசல் போடுறேன். குளோரின் அளவு ஒண்ணுதான், சேர்மம் மட்டும் வேற: டைகுளோரோஈத்தேன், குளோரோபென்சீன். ரெண்டோட சமிக்ஞை 10 விழுக்காட்டுக்கு மேல் பிரிஞ்சா குளோரின் எரிப்புக்குப் போயிடும்.

கரிப்படிவு: குளோரோநாப்தலீனையும் சேருங்க, சுமார் 260 பாகையில் கொதிக்குது. பிரியலைன்னு வந்தா நானே வந்து ஒத்துக்கிறேன் லா.