ஸ்பெயினில் விம்பிள்டன் பார்க்க வழி சொல்லுங்கள்

வணக்கம். லண்டனிலிருந்து மோட்டார்ஹோமில் கிளம்பி, இப்போது ஸ்பெயினின் அல்மேரியா பக்கம் இருக்கிறோம். வட பிரான்ஸில் இருந்தவரை கூரையிலுள்ள 60 செ.மீ. டிஷ்ஷிலேயே பிபிசி பளிச்சென்று வந்தது. தெற்கே இறங்க இறங்கப் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. இப்போது 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும்தான். பிபிசியை ஒளிபரப்பும், 28.2 டிகிரி கிழக்கில் உள்ள அஸ்ட்ரா செயற்கைக்கோள்களின் பிரிட்டனை நோக்கிய அலைக்கற்றை இவ்வளவு தெற்கே வலுவாக எட்டாது என்பது தெரியும். பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரும் பிரிட்டனுக்குள் மட்டும்தான்.

அப்பாவுக்கு விம்பிள்டன் என்றால் உயிர். ரிமோட்டைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

இந்தப் பக்கம் வந்தவர்கள் யாராவது தரையில் நிறுத்தும் பெரிய டிஷ் வைத்துப் பார்த்தீர்களா? எத்தனை செ.மீ. தேவைப்பட்டது? இல்லை, இங்கேயே பணம் கட்டி நேரலை பார்ப்பதுதான் சுலபமா? திங்கட்கிழமை ஆட்டம் தொடங்குகிறது, தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.