கோல்ஃபில் டிரைவர் மட்டையை எடுத்தாலே பந்து வலப்பக்கம் ஓடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். வயது 46, வலது கை ஆட்டக்காரன். கோல்ஃப் பழக ஆரம்பித்துப் பதினோரு மாதம்.

7-ஆம் நம்பர் அயர்ன் (இரும்புத் தலை மட்டை) ஓரளவு கைக்கு வந்துவிட்டது; பத்துக்கு ஆறு பந்து நேராக 130 கெஜம் போகிறது. ஆரம்பத்தில் பந்தை விட்டுவிட்டு மண்ணைத்தான் வெட்டினேன். பேண்ட்டில் இருந்த சேற்றைப் பார்த்து, "கிணறு வெட்டப் போறீங்களா?" என்றாள் மனைவி.

அதிக தூரம் அடிக்கும் நீள மட்டையான டிரைவர்தான் மானத்தை வாங்குகிறது. இடப்பக்கமாகக் கிளம்பும் பந்து, பாதி வழியில் வாழைப்பழம் மாதிரி வளைந்து வலப்பக்க மரங்களுக்குள் போய்விடும். அடிக்கும் நொடியில் மட்டையின் முகம் திறந்திருக்கிறது, வீச்சு வெளியிலிருந்து உள்ளே வருகிறது என்று காரணம் தெரிகிறது. இருபது வருடம் கிரிக்கெட்டில் ஸ்கொயர் கட் அடித்த கை கேட்டால்தானே! இடக்கைப் பிடியைத் திருப்பி, மூன்று விரல் முட்டி தெரியும்படி வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் பந்து இடப்பக்கம் பறந்தது.

முதல் ஆட்டத்தில் 18 குழிகளை முடிக்க 131 முறை அடித்தேன், போன ஞாயிறு 112 (குறையக் குறைய நல்லது).

இப்படி வலப்பக்கம் வளையும் ஸ்லைஸிலிருந்து மீண்டவர்கள் முதலில் எதை மாற்றினீர்கள்? பிடியையா, தோள் நிற்கும் திசையையா? டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு அதைவிடச் சின்ன மட்டையான 5 வுட்டில் கொஞ்ச நாள் ஓட்டலாமா? கோச் "இன்னும் அடிங்க சார்" என்பதோடு சரி.

அடுத்த மாதம் ஊட்டியில் ஆடப் போகிறேன். 7,000 அடிக்கு மேல், காற்று மெலிசு, பந்து கூடுதலாகப் போகும். 7-ஆம் அயர்னுக்குப் பதில், தூரம் குறைவாக அடிக்கும் 8-ஐ எடுக்கணுமா? அங்கே ஆடியவர்கள் சொல்லுங்களேன்.