தலைக்கு மேல வெயில், பள்ளத்துல வெள்ளம்: வண்டியை உடலாமா?

பலாவண்டி:
சத்தியமங்கலத்துக்காரனுங்க. சித்திரை, வைகாசியில கடம்பூர் மலைக்குக் குட்டியானை வண்டியில போயி பலாப்பழம் ஏத்திட்டு வருவேன். வழியில ஒரு பள்ளம், அதான் காட்டு ஓடை, அதுக்கு ஒரு தரைப்பாலம். போன வாரம் காலையில போறப்ப வெறும் மணல். மத்தியானத்துக்கு மேல திரும்புனா, பொட்டு மழை இல்லை, பாலத்து மேல முட்டியளவு செந்தண்ணி. பின்னால வந்த பிக்கப்காரர், "லோடு இருந்தா வண்டி அசையாது, உடுங்க"ங்கறார். நான் உடலை. இருட்டுற வரைக்கும் பழத்தோட கெடந்தேன். அவர் சொன்னது நெசமுங்களா?

மேக்காலத்தோட்டம்:
உடாததுதான் சரிங்க தம்பி. ரெண்டடி தண்ணி ஓடுனா பிக்கப்பையும் தூக்கிரும். அரையடியே ஆளைச் சாய்ச்சுரும். அதுபோக, கலங்கத்தண்ணிக்கு அடியில பாலம் இருக்குதா, அரிச்சுட்டுப் போயிருச்சான்னு யாரு கண்டா?

இந்தக் கோடை இடிமழை ஒரு கரட்டு மேல கொட்டும், அடுத்த கரடு காஞ்சு கெடக்கும். ஒரு சதுர கிலோமீட்டர்ல 1 சென்டிமீட்டர் பேஞ்சாலே 1 கோடி லிட்டருங்க. பாறைச் சரிவு எவ்வளவுதான் குடிக்கும்? மிச்சம் பூரா பள்ளத்துக்குத்தான்.

நான் பாக்கறது தண்ணி நெறம். தெளிஞ்சு ஓடுனது திடீர்னு கலங்கி, நுரையும் மூங்கில் சருகும் சேந்து வந்துச்சுன்னா அப்பவே கரையேறிருவேன். ஆடு மேய்க்கறவங்க அதுக்கும் முன்னால சத்தத்துலயே சொல்லிருவாங்க. எனக்கு அந்தக் காது இல்லை.

தென்காசிக்காரன்:
2024 மே 17, பழைய குற்றாலத்துல இதேதான் அண்ணாச்சி. குளிச்சிட்டு இருக்கும்போதே வெள்ளம் வந்துட்டு. 17 வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான்.

மழைக்கிறுக்கன்:
போன்ல 'தாமினி' செயலி போட்டுக்கோங்க. பக்கத்துல மின்னல் வெட்டுனா எச்சரிக்கும். மலைப்பக்கம் மின்னல் குவியுதுன்னா பள்ளத்துக்கு வராதீங்க. வானிலை மையம் அடுத்த 3 மணி நேரத்துக்கு மாவட்ட வாரியா அறிவிப்பும் விடுது.

மேக்காலத்தோட்டம்:
செயலி நல்லதுதான், மலையில டவர் வேணுமே! அதுவும் மாவட்டம் பூரா ஒரே அறிவிப்புன்னா, எந்தப் பள்ளம்னு அது சொல்லாது. தம்பி, உங்களுக்குப் பழம் குடுக்கறவர் பள்ளத்துக்கு மேல்பக்கம்தானே இருக்கார்? மேல இடி இறங்குதான்னு கெளம்பறப்ப அவரைக் கேளுங்க.

பலாவண்டி:
கேக்கலாமுங்க. ராத்திரியே பழத்தை வெட்டி வைக்கச் சொல்லிட்டா, வெள்ளன ஏத்திட்டு உச்சிப்பொழுதுக்குள்ள எறங்கிருவேன். வெட்டுக்கூலிதான் கொஞ்சம் சேத்துக் கேப்பாங்க.